வகுப்பறைக்கு வந்த வானொலியும் கணினியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அவிசாவளையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் எஹலியகொட என்னும் சிறுநகரம் எதிர்ப்படும். தலைநகரிலிருந்து ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர் தூரம். சாலையின் இருமருங்கும் குன்றுகள். குன்றுகளின்மேல் இறப்பர் மரங்களும் தேயிலைச் செடிகளும். அவற்றின் நடுவே தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள். சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இத்தகைய தோட்டங்கள் நெருங்கியிராமல், கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. அத்தோட்டங்களின் தமிழ்ப் பாடசாலைகளும் அவ்வாறே தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன.

கொழும்பிலிருந்து இப்பகுதிக்கு எவை எப்பொழுது வந்து சேர்ந்தன என்று கணக்கெடுத்துப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். களனிவெளிக் குறும்பாதையில் புகைவண்டி எஹலியகொடவைக் கடந்து இரத்தினபுரியை எட்டியது 1912ஆம் ஆண்டில். கொழும்பு வானொலி முறைப்படி ஒலிக்கத் தொடங்கியது 1925ஆம் ஆண்டில். ஆயின், அரசாங்கப் பாடசாலை என்னும் உரிமை தோட்டத்துப் பிள்ளையின் வாசலை அடைவதற்கு 1977ஆம் ஆண்டு பிறக்க வேண்டியிருந்தது. புகைவண்டி வந்தது, விளைபொருளைக் கொண்டுசென்றது, 1970களில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பாதை மூடவும் பட்டது. இத்தனையும் நடந்து முடிந்த பின்னரே கல்வி வந்து சேர்ந்தது.

பொதுப் பாடசாலைகளில் வானொலியையும் தொலைக்காட்சியையும் கணினியையும் பயன்படுத்தலாமா என்பது பற்றி ஒரு நூற்றாண்டு காலமாக அரசியல் அரங்குகளில் நடந்துவரும் வாதத்தை ஆராய்வோர், இந்த ஆண்டுக் கணக்கை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். கருவி நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்றே பெரும்பாலும் வாதிடப்பட்டது. அக்கருவி யாரைச் சென்றடையும் என்ற வினாவோ எப்பொழுதும் கடைசியிலேயே எழுந்தது.

இவ்வாதம் இலங்கையில் பிறந்ததன்று. 1913ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க விஞ்ஞானி தோமஸ் எடிசன், இன்னும் பத்து ஆண்டுகளில் சலனப் படம் பாடநூலின் இடத்தைப் பிடித்துவிடும் என்ற கருத்தை வெளியிட்டார். பத்து ஆண்டுகள் கழிந்தன, பாடநூல் அழியவில்லை. 1924ஆம் ஆண்டில் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் பாடசாலைகளுக்கென நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டப் பாடசாலைகளில் அவற்றின் பயனை அறிய ஒரு பரிசோதனையும் நடந்தது. அக்காலத்திலேயே இருகட்சிகள் தோன்றிவிட்டன. சிறந்த பேராசிரியர் ஒருவரின் குரல் ஒரே வேளையில் ஆயிரம் வகுப்பறைகளில் கேட்குமாயின் ஏழைப் பாடசாலைக்கும் செல்வப் பாடசாலைக்கும் உள்ள வேற்றுமை குறையும் என்றனர் ஒரு சாரார். பிள்ளையின் முகத்தைக் காணாத குரல் எவ்வாறு கற்பிக்கும், ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைப் பெட்டிக்குக் கொடுப்பது முறையாகுமா என்றனர் மறு சாரார். இன்று கணினியைப் பற்றிக் கூறப்படும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அன்றைய சொற்களின் மறுபதிப்பே எனலாம்.

இலங்கையில் வானொலியின் தொடக்கம் உலகின் பல நாடுகளுக்கு முற்பட்டது. தந்திப் பகுதியின் பிரதம பொறியியலாளராகப் பணியாற்றிய எட்வேர்ட் ஹாப்பர், 1923ஆம் ஆண்டில் தந்தி அலுவலகத்து அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. 1949ஆம் ஆண்டில் அது இலங்கை வானொலி எனப் பெயர் பெற்றது. 1967ஆம் ஆண்டு ஜனவரியில் கூட்டுத்தாபனமாயிற்று. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பாடசாலை நிகழ்ச்சிகளை ஒலிபரப்பிய பெருமை அதற்கு உண்டு. வகுப்பறையில் பெட்டியைச் சுற்றி அமர்ந்து வரலாற்று நாடகமும் விஞ்ஞானப் பேச்சும் கேட்ட தலைமுறையினர் இன்றும் அதனை நன்றியோடு நினைவுகூர்வர்.

ஆயின், அக்காலத்தில் தோட்டத்துப் பாடசாலையின் நிலை யாது? 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் சட்டம் அப்பொறுப்பை மீண்டும் வலியுறுத்தியது. சட்டம் எழுத்தில் இருந்தது. ஆனால் பாடசாலை பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே ஆசிரியருடன், ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே அடக்கி நின்றது. பத்து வயதில் பிள்ளை கொழுந்துக் கூடையையோ பால்வாளியையோ ஏந்தப் போயிற்று. மேல்வகுப்பு மாணவருக்கென வானொலியில் எத்துணைச் சிறந்த பாடம் ஒலித்தாலும், மேல்வகுப்பே இல்லாத பாடசாலையில் அதைக் கேட்பவர் யார்? மின்சாரம் எட்டாத குன்றின்மேல், அனுமதிச் சீட்டுக்குக் கட்டணம் செலுத்தி வானொலிப் பெட்டியை வாங்கி வைப்பவர் யார்?

1945ஆம் ஆண்டில், கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் அரும்பெரும் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்கும் உரிமை அது. எனினும், துரைமாரின் பொறுப்பில் இருந்த தோட்டப் பாடசாலைகள் அவ்வுரிமையின் எல்லைக்குப் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் பறிபோயிற்று. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து பாராளுமன்றம் சென்ற குரல்கள் 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இல்லாதொழிந்தன. வாக்கு இல்லாதவருடைய பிள்ளைக்கு எந்தக் கருவி வேண்டும் என்று வாதிடுவதற்குச் சபையில் அவர் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆதலின், வானொலிக் கல்வி பற்றிய வாதம் தோட்டங்களைத் தொடாமலே நடந்து முடிந்தது.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 1976ஆம் ஆண்டு ஜூலை வரை, இந்தியா ஒரு மாபெரும் பரிசோதனையை நடத்தியது. அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணைகொண்டு, ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விண்வெளி அறிஞர் விக்கிரம் சாராபாயின் கனவிலே உதித்த திட்டம் அது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊர்மக்களுக்கு. வீட்டுக்கு ஒரு பெட்டி என்று வைக்காமல், ஊருக்கு ஒரு பெட்டியைப் பொது இடத்தில் வைத்தமை அத்திட்டத்தின் உயிர்நாடி. அந்நாளில் தொலைக்காட்சியே இல்லாத கொழும்பில், எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் இல்லத்திலும் அந்நிகழ்ச்சிகளைப் பெறும் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. இலங்கையின் முதலாவது செய்மதி ஏற்பி ஒரு தனி வீட்டின் கூரைமேல் நின்றது. இந்தியக் கிராமத்திலோ அது பாடசாலைக்குரியதாய் நின்றது. இவ்வேற்றுமை சிந்திக்கத்தக்கது.

இலங்கையில் 1979ஆம் ஆண்டில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ஜப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. வறிய நாட்டுக்குத் தொலைக்காட்சி ஆடம்பரம் என்றனர் சிலர். கல்விக்கு அதனினும் சிறந்த கருவி இல்லை என்றனர் வேறு சிலர். ரூபவாஹினியின் முதன்மை அஞ்சற்கோபுரம் எழுப்பப்பட்ட இடம் நாட்டின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால மலை. அம்மலையைச் சூழ்ந்தவை தேயிலைத் தோட்டங்கள். கோபுரத்திலிருந்து புறப்பட்ட படமும் ஒலியும் லயங்களின் கூரைகளைத் தாண்டித் தொலைதூர நகரங்களுக்குச் சென்றன. கூரையின்கீழ் இருந்தவர்களிற் பெரும்பாலோர் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தனர். அலைக்கு மலை தடையாகவில்லை. மின்கம்பி மலை ஏறாமையே தடையாயிற்று.

இதற்கிடையில் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றில் ஒரு திருப்பம் நேர்ந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு முதல் தோட்டப் பாடசாலைகளும் கட்டங்கட்டமாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. அதே ஆண்டுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். வாக்கும் பாடசாலையும் ஒரே காலத்தில் திரும்பி வந்தமை தற்செயலன்று. பின்னர், சுவீடன், ஜெர்மனி முதலிய நாடுகளின் உதவியால் கட்டிடங்கள் எழுந்தன. மலையக இளைஞர் பலர் ஆசிரியராயினர். வானொலியும் தொலைக்காட்சியும் செய்யாத பணியை அவ்வாசிரியர் செய்தனர் என்றால் மிகையாகாது.

கணினியின் காலம் 1980களில் தொடங்கியது. 1983ஆம் ஆண்டில் தேசிய கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டில் அதற்கென ஒரு மன்றம் அமைந்தது. சில பாடசாலைகளுக்குக் கணினிகளும் வழங்கப்பட்டன. 2003ஆம் ஆண்டில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் உருவாயிற்று. அதன் வழியே அறிவகங்கள் என்னும் பொது நிலையங்கள் ஊர்தோறும் திறக்கப்பட்டன. பாடசாலைகளிலும் கணினி ஒரு பாடமாயிற்று. எனினும், தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திவந்த கணினி அறிவு ஆய்வுகளில் நகரம் முதலிடத்திலும், கிராமம் அடுத்த இடத்திலும், தோட்டம் கடைசி இடத்திலும் நிற்பதே வழக்கமாயிற்று. முன்னர் பாடசாலை எந்த வரிசையில் வந்ததோ, அதே வரிசையிற் கணினியும் வந்தது.

இவ்வரிசையை மாற்ற முடியும் என்று காட்டிய முயற்சி ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். கொத்மலையில் 1989ஆம் ஆண்டில் ஒரு சமுதாய வானொலி நிலையம் அமைந்தது. 1990களின் இறுதியில், யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன், அந்நிலையம் இணையத்தோடு இணைக்கப்பட்டது. கணினி இல்லாத நேயர்கள் தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். அறிவிப்பாளர் துறை அறிந்தோர் ஒருவரை அருகில் இருத்தி, இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் வானொலி வழியே விளக்கினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கென இணைய வசதி செய்யப்பட்டது. கணினி ஒன்று, கேட்ட செவிகளோ பல்லாயிரம். உலக நாடுகள் வியந்து நோக்கிய இம்முயற்சியிலும் ஒரு குறை இருந்தது. கொத்மலையைச் சூழத் தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டங்கள் இருந்தும், நிகழ்ச்சிகள் முதன்மையாகச் சிங்களத்திலேயே அமைந்தன. மின்கம்பியைப் போன்றே மொழியும் ஒரு கம்பி; அதுவும் அறுந்திருந்தால் ஓசை எட்டாது.

கருவி பற்றிய வாதம் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் மிகச் சூடாக நடந்தது கைக்கணினி விடயத்திலேதான். 2016ஆம் ஆண்டு நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், உயர்தர வகுப்பு மாணவர் 175,000 பேருக்கும் ஆசிரியர் 28,000 பேருக்கும் 'டெப்' எனப்படும் கைக்கணினிகளை இலவசமாக வழங்கும் யோசனை இடம்பெற்றது. பாடநூற் சுமை குறையும், உலக அறிவு கைக்குள் வரும் என்றனர் ஆதரித்தோர். மலசலகூடமும் குடிநீரும் அற்ற பாடசாலைகள் இருக்கையில் இச்செலவு முறையா, பிள்ளைகள் வழிதவறமாட்டார்களா, கொள்வனவில் ஊழல் புகாதா என்றனர் எதிர்த்தோர். அமைச்சரவைக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. அப்பெருந்திட்டம் அறிவிக்கப்பட்டவாறு நிறைவேறவில்லை. இரு தரப்பினர் கூற்றிலும் உண்மை இருந்தது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தர வகுப்புவரை வந்து அக்கருவியைப் பெறுவர் என்ற கேள்வி, அவ்வாதத்தின் நடுவே உரத்து ஒலிக்கவில்லை.

அக்கேள்விக்கு விடை கூறக் காலமே முன்வந்தது. கொரோனாத் தொற்றின் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் முதல் நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அதுவரை வகுப்பறைக்குத் துணையாயிருந்த கருவி, ஒரே நாளில் வகுப்பறையே ஆயிற்று. தொலைக்காட்சியில் சிங்கள மாணவருக்குக் 'குருகெதர' என்றும், தமிழ் மாணவருக்குக் 'குருகுலம்' என்றும் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் இணையத்தளத்திலும் பாடங்கள் இடப்பட்டன. ஆசிரியர்கள் கைத்தொலைபேசி வழியாகப் பாடக் குறிப்புகளை அனுப்பினர்.

குன்றுகள் சூழ்ந்த எஹலியகொட போன்ற பகுதிகளின் தோட்டங்களில் அக்கல்வி எந்நிலையில் நின்றது என்பதை ஊகித்தல் கடினமன்று. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை விடியற்காலையில் தொடங்கும். வீட்டில் உள்ள தொலைபேசி ஒன்று. அது வேலைக்குச் செல்லும் தந்தையின் சட்டைப்பையிலோ தாயின் மடியிலோ செல்லும். பாடம் நடப்பதோ காலையில். பிள்ளைகள் மூவர் இருப்பின், ஒரு கருவியை மூவரும் பகிர வேண்டும். மடுவில் அமைந்த லயத்துக்கு அலை எட்டாது. மேட்டுக்கு ஏறினால் எட்டும். மழை பிடித்தால் அதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டதே 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான். அச்சம்பளத்திலிருந்து அரிசிக்கும் மாவுக்கும் கொடுத்தபின் எஞ்சியதைக் கொண்டே 'டேட்டா' அட்டை வாங்க வேண்டும். பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ என்னும் சிற்றூரில், மாணவரும் ஆசிரியரும் அலை தேடிக் காட்டுவழி நடந்து பாறைமீது ஏறியமர்ந்து கற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அது ஒரு சிற்றூரின் செய்தி மட்டுமன்று.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இவ்விடயம் நேரடி அரசியலாயிற்று. கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்தின் அருகே ஆர்ப்பாட்டம் செய்தோர் கைதாகினர். அவர்களுள் இலங்கை ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஒருவர். அதனைக் கண்டித்தும், நெடுங்காலச் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரியும், ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. தம் சொந்தப் பணத்தில் கருவியும் இணைய வசதியும் வாங்கிக் கற்பித்த ஆசிரியரின் சுமையும் அப்பொழுது வெளிப்பட்டது. போராட்டம் ஒக்டோபர் மாத இறுதிவரை நீடித்தது. அரசாங்கம் பிள்ளைகளின் கல்வியைக் காட்டி ஆசிரியரைக் குறைகூறியது. ஆசிரியரோ, கருவி இயங்குவது தம் உழைப்பினாலேயே என்பதை நாட்டுக்கு உணர்த்தினர். 2020ஆம் ஆண்டுக்குரிய சாதாரணதரப் பரீட்சை 2021ஆம் ஆண்டு மார்ச்சிலும், 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022ஆம் ஆண்டு பெப்ரவரியிலும் நடந்தன. பரீட்சை எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது. அதற்கு முன் கிடைத்த கல்வி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடி இன்னொரு பாடத்தையும் புகட்டியது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்சாரம் தடைப்பட்டது. எரிபொருள் இன்மையால் ஜூன், ஜூலை மாதங்களில் பல பாடசாலைகள் மீண்டும் இணையவழிக்குத் திரும்பின. நகரத்துப் பிள்ளையும் அந்நாட்களில் விளக்கணைந்த வீட்டில், அலையற்ற கருவியோடு அமர்ந்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது புதிய அனுபவமன்று. மின்கலத்தில் இயங்கும் பழைய வானொலிப் பெட்டி ஒன்றே அவ்விருளிலும் செலவின்றிப் பேசவல்லதாய் இருந்தது என்பதைக் கல்வித் திட்டம் வகுப்போர் மறவாதிருத்தல் நலம்.

இவ்வரலாறு கூறும் செய்தி யாது? புதிய கருவிகளை வெறுத்து ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. எஹலியகொடவின் குன்றொன்றில் தனித்து நிற்கும் சிறு பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் கிடைக்காவிடின், தொலைவிலிருந்து வரும் நல்லதொரு பாடம் பெருங்கொடையே. ஆயின், கருவியை வழங்கிவிட்டால் கல்வி வழங்கப்பட்டதாகும் என்று எண்ணுதலும் பிழை. வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகிய மூன்றும் ஏற்கனவே போடப்பட்ட பாதையிலேயே சென்றன. பாதை இல்லாத இடத்துக்கு அவை தாமாகச் செல்லவில்லை. அப்பாதை மின்சாரத்தாலும், தாய்மொழிப் பாடத்தாலும், ஆசிரியராலும், பெற்றோரின் வருவாயாலும் அமைவது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கருவி வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே, பொதுப் பாடசாலைக்கு ஒரு புதிய கருவி வேண்டும் என்று சபையில் யோசனை வரும்போதெல்லாம், அதன் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்பு வேறு வினாக்களைக் கேட்டல் வேண்டும். நாட்டின் கடைசிப் பாடசாலைக்கு அது எந்த நாளில் போய்ச் சேரும்? அங்கே எந்த மொழியிற் பேசும்? அதன் அருகே நிற்கும் ஆசிரியர் யார்? பிள்ளையின் வீட்டுக்கு அதனால் வரும் செலவை யார் ஏற்பர்? இவ்வினாக்களுக்கு விடை வைத்துக்கொண்டு தொடங்கும் திட்டம் சிறியதாயினும் பயன்தரும். விடையின்றித் தொடங்குவது எத்துணைப் பெரியதாயினும், பீதுருதாலகாலக் கோபுரத்தைப் போல, கீழே இருப்பவருடைய தலைக்குமேலே கடந்து சென்றுவிடும். பத்து வயதில் பால்வாளி ஏந்திய பிள்ளையின் பேரப்பிள்ளை இன்று பாடசாலை வாங்கில் அமர்ந்திருக்கிறது. அதுவும் கடைசியாக எண்ணப்படும் பிள்ளையாகவே இருக்க வேண்டுமா என்பதே இவ்வாதத்தில் தீர்க்கப்பட வேண்டிய வழக்கு.